நாய்க்கும் கல் நட்ட நாடு

செப்டம்பர் 5 என்றால் நாட்டுக்கு ஆசிரியர் தினம். எங்கள் கரிசல் சீமைக்கு அந்தத் தேதியில் வேறு இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று 1799இல் எழுதப்பட்டது. மேஜர் பானர்மேன் என்ற கும்பினித் தளபதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய நாள் அது. மற்றது 2012இல் எழுதப்பட்டது. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. உள்ளே வேலை பார்த்தவர்களும், முதல் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடி வந்தவர்களும் சேர்ந்து கருகினார்கள்.

பானர்மேனின் தாக்குதலில் செத்த வெள்ளைக்காரர்களுக்கு ஒட்டப்பிடாரம் பக்கத்தில் கல்லறைகள் இருக்கின்றன. டக்ளஸ், டார்மியூ, காலின்ஸ், பிளேக் என்று நாலு லெப்டினன்ட்டுகள். ஃபின்னி என்று ஒரு பீரங்கிக்காரன், அவனுக்குக்கூட விட்டுப்போகாமல் பெயர். கடல் தாண்டி நாடு பிடிக்க வந்த ஐந்து பேரின் பெயரை இரண்டேகால் நூற்றாண்டாகக் கல் சுமந்துகொண்டிருக்கிறது.

எதிர்த்து நின்றவர்கள் பக்கமும் குறை சொல்ல முடியாது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில் சிலை நிற்கிறது. வைத்தவர் சிவாஜி கணேசன். வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டைக்குப் பதிலாக 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு நினைவுக் கோட்டையே கட்டி வைத்தது. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் அங்கே வந்து நிற்கும். பிள்ளைகள் வரிசையாக இறங்கி, சினிமா வசனம் பேசிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். போகட்டும், நல்லதுதான்.

ஆக, தாக்கியவனுக்குக் கல்லறை, தாக்கப்பட்டவனுக்குக் கோட்டை. அதே தேதியில் முதலிப்பட்டியில் செத்தவர்களுக்கு? அரசாங்கம் நட்ட கல் என்று அங்கே ஒன்றும் கிடையாது. ஏன், செத்தவர் எத்தனை பேர் என்பதற்கே ஒரே பதில் கிடையாது. 38 என்று ஒரு கணக்கு, 40 என்று ஒரு கணக்கு. இடையில் தொங்குகிற அந்த இரண்டு பேர் யார் என்று எந்த அலுவலகத்துக்கும் தூக்கம் கெடவில்லை. கல் நடுவதில் இதுதான் தொல்லை. நட்டால் பெயர் பொறிக்க வேண்டும், பெயர் பொறிக்க உட்கார்ந்தால் எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கினால் எங்கே போய் நிற்குமோ.

வெடிமருந்துக் கிடங்கோடு செத்தவர்களை மதிக்கத் தெரியாத கூட்டம் அல்ல நாம். கவர்னகிரியில் வீரன் சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் உண்டு. கட்டபொம்மனின் தளபதி அவர். வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்கில் புகுந்து, அதைக் கொளுத்தி, அதோடு தானும் மடிந்தார் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டிய கதை. வடக்கே சிவகங்கையில் வேலு நாச்சியாரின் படையில் இருந்த குயிலி உடம்பில் நெருப்பு வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தாள் என்ற வழக்கு. அவளுக்கும் அரசு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. இதில் எவ்வளவு ஆவணம், எவ்வளவு வாய்மொழி என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும். மருந்து பற்றிச் செத்தவளை மறக்கக் கூடாது என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கிடங்கு வெள்ளைக்காரனுடையதாக இருக்க வேண்டும்.

2024 மே 9 அன்று செங்கமலப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 10 பேர் செத்தார்கள். பெண்களும் அதில் உண்டு. அவர்கள் உடம்பில் பற்றியதும் மருந்துதான். கந்தகமும் உப்பும் குயிலி காலத்து உறவுக்காரர்கள். வித்தியாசம் எதிரியில்தான். குயிலிக்கு எதிரி கும்பினிக்காரன். அவன் கப்பலேறிப் போய்விட்டான், கல்லில் அவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதலாம், பதில் சொல்ல வரமாட்டான். செங்கமலப்பட்டிப் பெண்ணின் கல்லில் எழுத வேண்டிய எதிரியோ கப்பல் ஏறவில்லை. அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழில் இருக்கிறது, கட்சி நன்கொடை ரசீதின் அடிக்கட்டையில் இருக்கிறது. அவர் பக்கத்தில் நிற்கிற அதிகாரிக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு. இப்படிப்பட்ட எதிரியை வைத்துக்கொண்டு எந்தக் கல்தச்சன் உளியைத் தொடுவான்?

இங்கே பெயர் எழுதுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. 1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது எங்களுக்குக் காமராசர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1997இல் இந்த மாவட்டத்துக்கென்று ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டினார்கள். வெடிமருந்தோடு செத்த அதே மனிதர்தான். அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவர் பிறந்த சாதி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கல்லெறி, கலவரம், சாவு. அரசாங்கம் யோசித்தது. ஒரு பெயரைக் காப்பாற்றுவதைவிட எல்லாப் பெயரையும் அழிப்பது சுலபம் என்று கண்டுபிடித்தது. மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் மொத்தமாகப் போயிற்று. சேரனும் சோழனும் பாண்டியனும்கூட பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. வெள்ளைக்காரனின் கிடங்கைக் கொளுத்தியவரால் இருநூறு வருடம் கழித்து, சொந்த ஊர்ப் பக்கம் ஓடும் ஒரு டவுன் பஸ்ஸின் நெற்றியில் மூன்று மாதம் நிற்க முடியவில்லை.

மிச்சமிருந்த சிலைகளுக்குக் கம்பிக் கூண்டு போட்டார்கள். இன்றைக்கும் தென்மாவட்டத்தில் எந்த நாற்சந்தியிலும் பாருங்கள், தலைவர்கள் ஆயுள் கைதிகளாக நிற்பார்கள். தேர்தல் வந்தால் சில தலைவர்களுக்குத் துணியும் சுற்றிவிடுவோம். சிலையிலிருந்து எத்தனை அடி தள்ளி ஊர்வலம் போக வேண்டும் என்பது எங்கள் காவல் துறைக்கு மனப்பாடம். மருந்து அறைக்கும் அறைக்கும் இடையில் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கத்தான் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்ய மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

நினைவுச் சின்னம் என்றால் அவசரப்படக் கூடாது என்பதும் எங்கள் மாவட்டத்துப் பாடம். சங்கரலிங்கனார் விருதுநகரில் தேசபந்து மைதானத்தில் படுத்துக் கிடந்தார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக இரண்டரை மாதம் சோறு தொடாமல் இருந்து, 1956 அக்டோபர் 13 அன்று செத்தார். அவர் கேட்ட பெயர் 1969இல் வந்தது. அவருக்கு ஊரில் ஒரு மணிமண்டபம் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மாநிலத்துக்கே பெயர் வாங்கித் தந்த மனிதரின் கதி இது. கூலிக்குத் திரி வெட்டியவள் எந்த நூற்றாண்டுக்கு வரிசையில் நிற்பாள்?

கல் நடுவது தமிழனுக்குப் புதிய பழக்கமாக இருந்தாலாவது மன்னிக்கலாம். இங்கிருந்து மேற்கே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் ஒரு நடுகல் கிடைத்தது. தமிழி எழுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழமை. மாடு கவரும் சண்டையில் செத்த ஒருவனுக்கு வைத்த கல். அவன் பெயரும் ஊர்ச் செய்தியும் அதில் உண்டு. படித்தவர்கள் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. சண்டையில் செத்த வீரனோடு அவன் நாய்க்கும் அதில் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு ஒரு கல். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துச் செத்த இருபதுக்கும் மேற்பட்ட மனிதர்களில் ஒருவர் பெயரை, அவர் சொந்தக்காரரைத் தவிர்த்து, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

அச்சங்குளத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் வெம்பக்கோட்டை. அங்கே விஜயகரிசல்குளம் மேட்டில் தொல்லியல் துறை குழி போட்டுத் தோண்டியது. சுடுமண் பொம்மை, சங்கு வளையல், கண்ணாடி மணி, விளையாட்டுச் சில்லு என்று ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அளவெடுத்து, படம் பிடித்து, பஞ்சு மெத்தையில் வைத்தார்கள். அமைச்சர் வந்து பார்த்துப் பெருமிதம் அடைந்தார். எனக்கும் பெருமிதம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வட்டாரத்தில் மண்ணுக்கு மேலேயே வளையல் சிதறிக் கிடந்த காலைகள் உண்டு. அவற்றுக்கு எண் கொடுத்தது பிணவறை ஊழியர் மட்டும்தான். இரண்டாயிரம் வருடம் பொறுத்திருந்தால் அந்த வளையலுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி கிடைக்கும் போலிருக்கிறது.

நடுகல்லுக்கு ஆறு துறை சொல்கிறது தொல்காப்பியம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. மரபு செத்துப்போயிற்று என்று யாரும் வருந்த வேண்டாம், இங்கே அது அப்படியே நடக்கிறது. வெடித்த அரை மணியில் டிவிக்காரர்கள் ட்ரோன் பறக்கவிட்டு எடுப்பது காட்சி. விசாரணைக் குழு அமைத்து உத்தரவு போடுவது கால்கோள். சாத்தூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் தீயணைப்பு வண்டி வந்து சேர்வது நீர்ப்படை. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை, செத்தவர் படம் சின்னதாகவும் வட்டச் செயலாளர் படம் பெரிதாகவும் போட்டு, மருத்துவமனை வாசலில் ஊன்றுவது நடுதல். உடலை வாங்க மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் உட்காரும்போது போலீஸ் வந்து சுற்றி நிற்பது பெரும்படை. வாழ்த்து தீபாவளிக்கு முதல் நாள் வரும், முழுப்பக்க விளம்பரத்தில்.

நிவாரணம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். கேமரா முன்னால் வருகிறது. அச்சங்குளத்தில் தலைக்கு மாநிலம் 3 லட்சம், பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம் என்று அறிவித்தார்கள். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் வெடித்தபோது மாநிலத்தின் தொகை 4 லட்சம். விலைவாசியை அனுசரித்துத்தானே உயர்த்த வேண்டும். காசோலையைக் கொடுக்கும் கை தெரிகிற மாதிரியும், வாங்குகிற முகம் அழுகிற மாதிரியும் படம் எடுத்தால் கோப்பு மூடிவிடலாம்.

கோப்பில் காரணம் என்ற இடத்தில் எழுதுவது எப்போதும் ஒரே சொல், உராய்வு. ஏன் உராய்ந்தது என்று எழுதக் கட்டம் இல்லை. இந்தத் தொழிலில் கை வைத்தவர்கள் எல்லோருக்கும் விடை தெரியும். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அறை தாங்கும் வரை ஆள். அறை தாங்காவிட்டால் மரத்தடி. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறை அறையாக உள்குத்தகை எடுத்தவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். கொடுத்த குத்தகைப் பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டிய அவசரம் அவர்களுக்கு. பீஸ் ரேட் கூலியில் கை நின்றால் காசு நிற்கும், அதனால் கை நிற்காது. முந்தின நாள் கலந்து மிஞ்சிய மருந்தைக் கொட்டி அழிக்க மனம் வராமல் மூடி வைப்பார்கள். அது ராத்திரி ஈரம் இழுத்து நீர்த்துப்போய்க் கிடக்கும். காலையில் முதல் ஆள் கை வைத்ததும் சூடாகி எழும். பேன்சி ரகத்துக்கு மணிமருந்து செய்கிற உரிமம் இல்லாத இடத்தில் மணிமருந்து செய்வார்கள், வானத்தில் கலர் காட்டுவதில்தான் லாபம் என்பதால். இத்தனையும் சேர்ந்துதான் உராய்கிறது. ஆனால் முதல் குற்றவாளி உராய்வு, இரண்டாம் குற்றவாளி போர்மேன். மூன்றாம் குற்றவாளி தலைமறைவாகி, முன்ஜாமீனோடு திரும்பி வந்து, வேறு பெயரில் பூஜை போடுவார்.

முதலிப்பட்டியில் வெடித்தது உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆலை என்று அப்போதே செய்தி வந்தது. நிறுத்தி வைத்த ஆலைக்குள் அத்தனை பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பட்டாசுதான் செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பூட்டு கூட இல்லாமல் ஒரு காகிதத்தால் தொழிலை நிறுத்திவிட முடியும் என்று நம்பிய அந்த அதிகாரத்துக்குத்தான் முதலில் சிலை வைக்க வேண்டும்.

பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1991இல் மீனம்பட்டியில் வெடித்து 39 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. குழந்தைத் தொழிலாளர் பற்றி 1996 டிசம்பரில் வந்த எம்.சி. மேத்தா தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் மேத்தா பெயர் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் பெயர் இருக்கிறது, நீதிபதிகள் பெயர் இருக்கிறது. செத்த 39 பேர் ஓர் எண்ணாக இருக்கிறார்கள். கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று, 1923 வாக்கில் திரும்பி வந்து இந்தச் சிவகாசிக்கு அடுப்பு மூட்டிய அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் ஊர் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. மழை பொய்த்த பூமிக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு தொழிலுக்கு முதல் முதலாளியின் பெயர் இருப்பது போல முதல் பிணத்தின் பெயரும் இருக்கும் அல்லவா? அதை யார் எழுதி வைத்தார்கள்?

இதில் சிரிப்பு என்னவென்றால், நாட்டுக்கெல்லாம் தேதி சொல்லும் ஊர் இது. உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிற தினக் காலண்டர் அநேகமாக எங்கள் ஊரில் அச்சானதுதான். ராகு காலம், எமகண்டம், சூலம் எந்தத் திசை, யாருக்குச் சந்திராஷ்டமம், எந்தத் தலைவர் பிறந்தார், எந்தத் தலைவர் மறைந்தார், கரிநாள் எது, எல்லாம் இருக்கும். எங்கள் கரிநாள்கள் மட்டும் இருக்காது. பிப்ரவரி 12, அச்சங்குளம். பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி. மே 9, செங்கமலப்பட்டி. ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. அக்டோபர் 17, ரெங்கபாளையம். அக்டோபர் 20, சிவகாசி டவுனுக்குள்ளேயே, பட்டாசை வண்டியில் ஏற்றும்போது பற்றி, பக்கத்தில் ஸ்கேன் எடுக்க வந்து காத்திருந்தவர்கள் புகையில் மூச்சடைத்துச் செத்த நாள். பட்டாசைத் தொட்டுக்கூடப் பார்க்காத நோயாளிகள் அவர்கள். இவ்வளவையும் அச்சிட்டால் காலண்டரில் ராகு காலத்துக்கு இடம் போதாது.

அப்படி வெடித்த ஊர் ஒன்றில் இறங்கி, ஆலை வெடித்த இடம் எது என்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"எந்த வெடிப்பக் கேக்கீக அண்ணாச்சி? மாசி மாசம் வெடிச்சதா, அதுக்கு முன்னால உள்ளதா?"

"ஆள் செத்தது."

"ரெண்டுலயுந்தான் செத்தாக."

கை நீட்டிக் காட்டினார். வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. கல்லோ பலகையோ எதுவும் இல்லை. கல் வைக்காத ஊரில் அந்த அம்மாதான் கல்வெட்டு. அவருக்கும் மருந்து வேலைதானாம். அன்றைக்கு லீவு.

ஊர்ப் பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு பதில் வரும். தொழில் கெட்டுப்போகும், டெல்லிக்காரன் ஏற்கெனவே கழுத்தில் கை வைத்துவிட்டான், நீங்கள் வேறு கல் நட்டு அவன் கையில் கொடுக்காதீர்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபோது நாடு முழுக்கப் பேசியது தலைநகரத்து நுரையீரலைப் பற்றித்தான். பட்டாசு வெடிக்கிறவன் மூக்கைப் பற்றி ஆயிரம் கட்டுரை வந்தது, செய்கிறவள் கையைப் பற்றிப் பத்து வந்திருந்தால் அதிகம். ஒரு பக்கம் பசுமைப் பட்டாசு என்று பெயர் வைத்தார்கள். பசுமைப் பட்டாசு வெடித்துச் செத்தால் பிணம் பசுமையாக இருக்குமா என்று எந்த ஆய்வகமும் சொல்லவில்லை. எனவே தொழிலை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாட்டில் பத்துக்கு ஒன்பது பட்டாசைச் செய்கிற பூமியில், மூடினால் முதலில் பட்டினி கிடப்பது அதே பெண்தான்.

ஆனால் கல் வைத்தால் தொழில் செத்துப்போகும் என்பது கட்டுக்கதை. நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊரில் 2000 மே 13 அன்று ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் செத்தார்கள். அந்தப் பகுதியையே திரும்பக் கட்டினார்கள். வெடித்த இடத்தில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். அதற்காக அந்த நாட்டில் புத்தாண்டுக்கு மத்தாப்புக் கொளுத்துவது நின்றுவிடவில்லை. நியூயார்க்கில் 1911இல் ஒரு தையல் ஆலை எரிந்து 146 பேர், பெரும்பாலும் சின்னப் பெண்கள், செத்தார்கள். அதே கட்டடத்தின் மேல் அவர்கள் அத்தனை பேர் பெயரையும் பொறித்த சின்னம் 2023இல் திறக்கப்பட்டது. நூற்றுப் பன்னிரண்டு வருடம் தாமதம், ஆனாலும் வந்தது. அவ்வளவு தூரம் எதற்கு? 1968இல் 44 பேரை எரித்த கீழ்வெண்மணியில் சின்னம் இருக்கிறது. 2004இல் 94 பிள்ளைகளைத் தீ தின்ற கும்பகோணத்தில் சின்னம் இருக்கிறது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் தொழில் கெட்டுப்போயிற்றா என்ன?

வரலாற்றில் கொடுத்து வைத்தவன் நரகாசுரன்தான். சாகும்போது, என் சாவு நாளை ஊரே கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்டான், கிடைத்தது. அசுரன் செத்த நாள் அரசு விடுமுறை. அந்த நாளுக்குச் சத்தம் செய்து கொடுக்கப் போய்ச் செத்தவள் வரம் கேட்க வாய் திறப்பதற்குள் அறை போய்விட்டது.

சரி, கல் வைப்பதென்றால் என்ன எழுதுவது? எனக்குத் தோன்றிய வாசகம் இது. அரசு முத்திரை தேவையில்லை. "இந்த இடத்தில் 4 பேர் இருக்க வேண்டிய அறையில் இத்தனை பேர் இருந்தோம். எங்கள் பெயர் கீழே உள்ளது. அன்றைக்கு எங்கள் கூலி இவ்வளவு. உரிமம் இன்னார் பெயரில், நடத்தியவர் இன்னார். கடைசியாக வந்து எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்ட அதிகாரி இன்னார், அந்தத் தேதி இது. வழக்கு எண் இது, தீர்ப்பு இது." கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் நிறைய இடம் காலியாக விட வேண்டியிருக்கும். இடம் காலியாக இருப்பதையும் நாலு பேர் பார்க்கட்டும்.

பழைய கல்வெட்டுகளின் முடிவில் ஒரு சாபம் இருக்கும். இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று. அது இந்தக் காலத்துக்கு உறைக்காது. பசுவைப் பற்றி இப்போது வேறு கவலைகள். நம் கல்லில் இப்படி எழுதலாம்: இந்தக் கல்லைப் பெயர்த்தவனும், பெயர்க்கக் கண்ணைக் காட்டியவனும், சித்திரை வெயிலில் ஒரே ஒரு நாள், காலை ஏழு மணிக்கு, முந்தின நாள் மருந்து மிஞ்சிய அறையின் கதவை முதல் ஆளாகத் திறக்கக் கடவர். இதைவிடப் பெரிய நரகத்தை எந்தப் புராணத்திலும் நான் படிக்கவில்லை. எங்கள் பெண்கள் அதைத் தினமும் கூலிக்குத் திறக்கிறார்கள்.

அமைச்சரையோ ஆட்சியரையோ எதிர்பார்த்து இதைச் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் வந்தால் கல்லில் அவர்கள் பெயர் பெரிதாகிவிடும். வெடித்த ஊர் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊராட்சி இருக்கிறது. மே 1 உழைப்பாளர் தினம். அன்றைக்குக் கிராம சபை கூடியாக வேண்டும் என்பது அரசாங்கமே போட்ட ஏற்பாடு. குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று வாசித்து முடித்ததும் எழுந்து நில்லுங்கள். இன்ன தேதியில் இந்த ஊரில் வெடித்துச் செத்தவர்களுக்குப் பெயர் பொறித்த கல் ஒன்று நடப்படும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக, புருஷன் பெயரோடு அல்ல, தகப்பன் பெயரோடும் தாயார் பெயரோடும் சேர்த்துச் சொல்லுங்கள். செயலர் எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எழுதி முடிக்காத வரை வருகைப் பதிவில் கையெழுத்துப் போடாதீர்கள்.